ஏஎல் 1 வாங்கிய பிறகு?

2021 முதல் சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் 90-உம் 100-உம் ஒரே ஏஎல் 1தான். 45-உம் 64-உம் ஒரே ஏஎல் 6. ஒற்றை மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளைப் பிழியாததால் இந்த மாற்றம் நல்லதே. ஆனால், 45இலிருந்து 64க்கு ஏறிய பிள்ளையின் உழைப்பு அதில் தெரியாது.

மேல்தட்டிலும் சிக்கல் உண்டு. உயர்நிலை வகுப்பில், மனப்பாடம் செய்த மரபுத்தொடர்களைக் கோத்த கட்டுரைக்கே நல்ல தரம் கிடைத்துவிடும். கெட்டிக்காரப் பிள்ளை இதைச் சீக்கிரம் கண்டுபிடித்து, "இது போதும்ல டீச்சர்?" என்று அதோடு நிறுத்திக்கொள்ளும்.

அடுத்த முறை தரத்தோடு ஒரு கேள்வியும் எழுதிக் கொடுத்துப் பாருங்கள்: "இதில் நீயே யோசித்து எழுதிய வரி எது?" அந்தப் பதிலுக்கு மதிப்பெண் போடாதீர்கள். படித்துவிட்டு, பிள்ளையோடு இரண்டு நிமிடம் பேசுங்கள்.