லிண்டா லிண்டா லிண்டா: சுவைத்தலும் வரலாறும்

கலையைச் சமுதாய நோக்கில் ஆராய்வோர் தாம் அதனைச் சுவைத்ததைப் பற்றிப் பேசத் தயங்குவதுண்டு. 2005 இல் வெளிவந்த 'லிண்டா லிண்டா லிண்டா' என்னும் யப்பானியத் திரைப்படத்தைக் கிளிநொச்சியில் நண்பர் சிலருடன் பார்த்தபோது அத்தயக்கம் நமக்கும் ஏற்பட்டது. மகிழ்ந்தோம் என்பதில் ஐயமில்லை. எதனால் மகிழ்ந்தோம் என்பதே வினா.

நொபுஹிரோ யமஷிட்டா நெறிப்படுத்திய இப்படத்தின் கதை மிகச் சிறியது. பாடசாலைக் கலைவிழாவுக்குச் சில நாட்களே இருக்க, மாணவியரின் இசைக்குழு குலைகிறது. ஒருத்தியின் விரல் காயப்படுகிறது. இன்னொருத்தி பிணங்கி விலகுகிறாள். எஞ்சிய மூவரும் 'புளூ ஹார்ட்ஸ்' என்ற யப்பானிய பங்க் குழு 1987 இல் வெளியிட்ட பாடலைப் பழைய ஒலிநாடாவிற் கேட்டு, அதனையே பாடத் துணிகின்றனர். பாடுவதற்கு, அவ்வழியே வந்த கொரிய மாணவி சொன்னை அழைக்கின்றனர். கேட்டது சரிவர விளங்காமலே அவள் உடன்படுகிறாள்.

1910 முதல் 1945 வரை கொரியா யப்பானின் குடியேற்ற நாடாயிருந்தது. படம் இதைப்பற்றி வாய்திறப்பதில்லை. எனவே இது வரலாற்றை மறைக்கும் படைப்பு என்றார் நண்பரொருவர். நாம் உடன்படவில்லை. யப்பானிய-கொரியப் பண்பாட்டுப் பரிமாற்றக் கண்காட்சியறையிற் சொன் காவலிருக்கிறாள்; பார்க்க வருவோர் இல்லை. உத்தியோகபூர்வ நட்புறவு வெற்றறையாய்க் கிடக்க, உண்மையான உறவு ஒத்திகையறையில், ஒரே வேலையைப் பலமுறை பிழையாகச் செய்வதில் உருவாகிறது. குழுவுக்கு அவர்கள் சூட்டும் பெயரும் 'புளூ ஹார்ட்ஸ்' என்பதன் கொரிய மொழிபெயர்ப்பே. கைகழுவுமிடத்திற் சொன் கொரியத்திலும் கெய் யப்பானியத்திலும் நன்றி கூறும் காட்சியில் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியற் பீடங்கள் அமைந்த அறிவியல்நகரிலே தமிழ், சிங்கள மாணவர் ஒருங்கே பயில்கின்றனர். நல்லிணக்கம் என்ற சொல் பதாகைகளில் மலிந்த காலத்தில், அவ்வெற்றறை நமக்கு அந்நியமன்று. ஆயினும் ஒப்புமையை மிகைப்படுத்தலாகாது; சொன் விருந்தினளாய் வந்தவள், தன் வீட்டுக்குத் திரும்பக்கூடியவள்.

படத்தின் குறை வேறோரிடத்திலுள்ளது. கிற்றார்கள் யார் பணத்தில் வந்தன? ஷினொபு யகுச்சியின் 'ஸ்விங் கேர்ள்ஸ்' (2004) இல் மாணவியர் வாத்தியம் வாங்கப் பணந்தேடி அங்காடியில் வேலைசெய்கின்றனர். இங்கோ வாத்தியமும் ஒலிபெருக்கியும் ஒத்திகையறையில் இயல்பாகவே கிடக்கின்றன. வன்னிப் பாடசாலையில் இருந்தவர் முதலிற் காண்பது அதனையே. கலையின் பொருளாதார அடித்தளத்தை மறந்தமைக்கு யமஷிட்டா பொறுப்பாளியே. இதனைச் சொல்லியும் அவரது படத்தையே நாம் மீண்டும் பார்த்தோம்.

ஏனெனில் இம்மாணவியர் விழா நாளன்று தூங்கிவிடுகின்றனர். 2008 இல் நாம் அவ்வயதினராயிருந்தோம். அவ்வாண்டின் பிற்பகுதியிற் கிளிநொச்சி மக்கள் வீடுகளையும் பாடசாலைகளையும் விட்டு வெளியேறினர். 2009 ஜனவரியில் நகரம் இராணுவத்திடம் வீழ்ந்தது. அயர்ந்து தூங்கிப் பிந்திப்போவதையும், மனத்தாங்கலை நாட்கணக்கில் வளர்ப்பதையும் பதினேழு வயதின் இயல்பாகக் காட்டும் படம் நமக்கு எளிய பொழுதுபோக்காயிருக்க முடியாது. அற்பமெனத் தோன்றும் அப்பொழுதுகளைச் சமுதாயச் செல்வமாகவே கணக்கிடவேண்டும். மேடை வெற்றி பற்றிய படமாயின் நாம் இத்துணை நெகிழ்ந்திருக்கமாட்டோம்.

நனைந்து ஓடிவந்து அவர்கள் பாடுகின்றனர். பாடல் தொடர, கமரா மண்டபத்தை விட்டு வெளியேறி, எவருமற்ற பாடசாலையையும் மழையையும் காட்டுகிறது.