மரியாவும் மாளிகாவத்தையும்: திஸ்ஸ பாலசூரியவின் நூலொன்று குறித்துச் சில விமரிசனக் குறிப்புகள்

திருச்சபை ஐக்கியம், சமயங்களுக்கிடையிலான உரையாடல் ஆகிய இரண்டும் இந்நாட்டில் ஒருசேரப் பேசப்பட்டு வருவன. 1947 செப்டெம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாணமும் அதன் ஓர் ஆதீனமாயிற்று. அதன் முதற் பேராயர் சபாபதி குலேந்திரன் பின்னர், கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் காணப்படும் அருட்கோட்பாட்டை ஒப்பியல் நோக்கில் ஆராய்ந்து நூலெழுதினார். 1948இல் ஆம்ஸ்ரர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் தொடங்கியபோது அங்கு பிரசங்கித்தவர் டி. ரி. நைல்ஸ். இவற்றை நாம் பெருமையுடன் நினைவுகூருகின்றோம். ஆனால் அங்கிலிக்கன், மெதடிஸ்த முதலிய சபைகள் பல்லாண்டு பேசி வகுத்த இலங்கைத் திருச்சபை ஐக்கியத் திட்டம் 1972இல் நீதிமன்ற வழக்கொன்றினால் நின்றுபோனமை அத்துணை நினைவுகூரப்படுவதில்லை. பிற சமயத்தாரோடு உரையாடக் கற்றுக்கொண்ட திருச்சபைகள் தம்முள் முரண்படுவோரோடு உரையாடக் கற்றுக்கொண்டனவா? கத்தோலிக்கத் திருச்சபையைப் பொறுத்தவரை, இவ்வினாவுக்கு விடைதேட அருட்தந்தை திஸ்ஸ பாலசூரியவின் 'மரியாவும் மனித விடுதலையும்' (1990) என்னும் ஆங்கில நூலினும் பொருத்தமான ஆதாரம் வேறில்லை.

பாலசூரிய (1924–2013) அமல மரித் தியாகிகள் சபைக் குரு. அக்குவைனாஸ் பல்கலைக்கழகக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். 1971இல் அப்பதவியை விடுத்துச் சமூக சமய நிலையத்தை நிறுவினார். மருதானை டீன்ஸ் வீதியிலமைந்த அந்நிலையத்திலிருந்து மாளிகாவத்தை நடந்துசெல்லக்கூடிய தூரமே. தொடர்மாடிகளும் பள்ளிவாசல்களும் மையவாடியும் கெத்தாராம விகாரையும் நெருங்கி நிற்கும் உழைக்கும் மக்களின் பகுதி அது. நூல் எழுதப்பட்ட இடத்தை இவ்வாறு விரித்துரைப்பதற்குக் காரணமுண்டு. அது பின்னர் புலனாகும்.

நூலின் மையவாதம் எளிமையானது. மரபுவழிப் பக்தி மரியாவைப் பணிவும் மௌனமும் பூண்ட விண்ணக அரசியாக்கிவிட்டது. லூக்கா சுவிசேஷத்தில் வலியோரின் வீழ்ச்சியையும் பசித்தோரின் நிறைவையும் பாடும் ஏழைப்பெண் அங்கு மறைந்துபோகிறாள். இம்மாற்றத்தின் அடியில் ஆதிபாவக் கோட்பாடு உள்ளது என்கிறார் பாலசூரிய. மனிதர் யாவரும் பிறப்பிலேயே இறைவனைப் பிரிந்தவர், மீட்சி திருச்சபை வழியே கிட்டும் எனக் கொண்டால், பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் பெரும்பான்மையினராய் வாழும் ஆசியாவை எவ்வாறு நோக்குவது? அயலவனை மதிக்கும் அறமும் அவனை இழந்துபோனவனாய்க் கருதும் இறையியலும் ஒரே உள்ளத்தில் எங்ஙனம் இணைந்திருக்கும்? இது வெறும் ஏட்டு வினா அன்று.

இவ்வினாவுக்கு நேர்ந்ததை யாவரும் அறிவர். 1994இல் இலங்கை ஆயர்கள் நூலைக் கண்டித்தனர். 1996இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுச் சபை, இவருக்கெனவே வரைந்த விசுவாச அறிக்கையில் ஒப்பமிடுமாறு கோரியது. பெண்களைக் குருக்களாக அபிஷேகஞ்செய்யத் திருச்சபைக்கு அதிகாரமில்லை என்பதையும் ஏற்கும்படி அது வற்புறுத்தியது. பாலசூரிய அதற்கு மாறாகப் போப்பாண்டவர் ஆறாம் பவுலின் 1968ஆம் ஆண்டு விசுவாச அறிக்கையில், இறையியல் ஆய்வாளரின் சுதந்திரத்தையும் பொறுப்பையும் குறிக்கும் வாசகமொன்றைச் சேர்த்து ஒப்பமிட்டார். 1997 சனவரி 2இல் அவர் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். 1998 சனவரியில், அவ்வாசகமின்றி ஒப்பமிட்டபின், விலக்கு நீக்கப்பட்டது. எழுபத்திரண்டு வயதுக் குருவானவருக்கும் உலகத் தலைமைக்குமிடையிலான முரண்பாடு இறுதியில் ஒரு வாசகத்தைச் சேர்ப்பதா நீக்குவதா என்பதாகச் சுருங்கியமை நோக்கற்பாலது. 1972இன் வழக்கும் 1997இன் விலக்கும் தம்முள் வேறானவை. எனினும் இரண்டிலும் உரையாடலின் இடத்தைச் சட்டம் எடுத்துக்கொண்டது.

தண்டனை கடுமையானது என்பதனால் நூல் குறையற்றதாகிவிடாது. ஒரு கோட்பாடு ஆதிக்கத்துக்குத் துணைநின்றது என்று நிறுவுவதும், அது உண்மையன்று என்று நிறுவுவதும் வெவ்வேறு பணிகள். பாலசூரிய முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு விரைந்து தாவுகிறார். முற்போக்கு விமரிசகர் பலருக்கும் உள்ள பழக்கந்தான் இது. மேலும், 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்கள் பற்றி வெளியிட்ட பிரகடனம் அவற்றிலுள்ள உண்மையையும் தூய்மையையும் மறுக்கவில்லை. அவர் எதிர்க்கும் நிலைப்பாடு 1990இல் தனது பழைய வடிவில் முழுமையாக நிலவியது எனக் கொள்வதற்கில்லை.

நூலின் வலிமை வேறிடத்தே உள்ளது. பக்தியின் மொழி ஒரு சமூக உறவைத் தன்னுள் மறைத்து வைத்திருக்கிறது என்ற அதன் கண்டுபிடிப்பு தமிழாய்வுக்கு நேரடியாகப் பயன்படுவது. வீரமாமுனிவரின் தேம்பாவணி (1726) யோசேப்பு என்னும் தச்சனைக் காப்பியத் தலைவனாக்கியது. உழைப்பாளி ஒருவன் பெருங்காப்பியத் தலைவனானமை புரட்சியெனத் தோன்றலாம். ஆயினும் காப்பிய மரபு விதிக்கும் நாட்டுவளமும் நகர்வளமும் அணிநலமும் அவனைச் சூழ்ந்துகொள்ள, தச்சுப்பட்டறை பின்னுக்குப் போய்விடுகிறது. ஏலாக்குறிச்சியில் எழுந்த திருக்காவலூர்க் கலம்பகத்தில் மரியா அடைக்கல நாயகி. அடைக்கலம் தருபவள் தலைவி, நாடுபவன் அடியான். அரசவைப் புலமையும் கோயிற் பக்தியும் வகுத்த இவ்வுறவுக்குள் லூக்காவின் ஏழைப்பெண் நுழைதல் அரிது.

கொழும்பின் உரையாடல் மரபு யாரை நோக்கி அமைந்தது என்பதும் இங்கு ஆராயற்பாலது. 1873இல் பாணந்துறை வாதம்; 1883 உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலத்தையொட்டிக் கத்தோலிக்கருக்கும் பௌத்தருக்குமிடையே மூண்ட கலவரம். வாதிட்டவரோடு பின்னர் உரையாட முனைந்தமை இயல்பே. லின் டி சில்வாவும் அலோசியஸ் பீரிஸும் நடத்திய 'டயலொக்' சஞ்சிகை பௌத்த-கிறிஸ்தவ உறவையே மையமாகக் கொண்டது. அதன் மொழியோ ஆங்கிலம். தமிழ் பேசும் முஸ்லிம் அதன் எல்லைக்கு வெளியே நின்றான். ஆதிபாவக் கோட்பாடு இஸ்லாத்தில் இல்லை. குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் மர்யமின் பெயரையே தாங்கியுள்ளது. தனிமையில், பேரீச்சமரத்தடியில், பிரசவ வேதனையுறும் பெண்ணை அது காட்டுகின்றது. முஸ்லிம்கள் மரியாவைப் போற்றுவதை 1965ஆம் ஆண்டுப் பிரகடனமும் கூறுகின்றது. மரியாவைப் பற்றிய மறுவாசிப்பு டீன்ஸ் வீதியில் எழுந்தபோது, அதற்கு மிக அண்மையில் இருந்த உரையாடற் பங்காளி மாளிகாவத்தையே.

அவ்வுரையாடல் வளராமையின் விளைவு பின்னர் தெரிந்தது. 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் தேவாலயத்திலும் நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆலயங்களிலும் குண்டுகள் வெடித்தபின், அடுத்த மாதம் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. 2020 மார்ச் இறுதியிலிருந்து கொவிட் நோயால் இறந்தோர் அனைவரும் கட்டாயமாகத் தகனஞ்செய்யப்பட்டனர். உலக சுகாதார நிறுவனம் அடக்கத்தை அனுமதித்திருந்தும் இவ்விதி 2021 பெப்ரவரி வரை நீடித்தது. மாளிகாவத்தையில் மையவாடி அருகிலிருக்க, ஜனாஸாக்கள் தகனசாலைக்குச் சென்றன. 2020 டிசெம்பரில், பிறந்து இருபது நாட்களேயான குழந்தையொன்று பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகத் தகனிக்கப்பட்டபோது, பொரளை கனத்தை மயானத்தின் வாயிற்கம்பிகளில் மக்கள் வெண்துணி கட்டினர். கட்டியவருள் பல சமயத்தவரும் இருந்தனர். இவ்விதிக்கெதிராக உயர்நீதிமன்றம் சென்றோருள் கிறிஸ்தவரும் இருந்தனர். அங்கு எவரும் ஆதிபாவம் பற்றி வாதிடவில்லை. அரசாங்கம் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது 2024 யூலையிலேயே.

மகனைக் கொலைக்களத்தில் இழந்து அவனுடலைப் பெற்று அடக்கஞ்செய்த தாய் மரியா என்பதைக் கிறிஸ்தவ மரபு மறந்ததில்லை. வீரமாமுனிவரிடமும் அத்தாய்க்கு ஒரு சிறு நூல் உண்டு: அன்னை அழுங்கல் அந்தாதி. தேம்பாவணியின் நிழலில் ஆய்வாளர் அதனை அதிகம் நோக்குவதில்லை. பாலசூரியவின் வினாவைத் தமிழிற் கேட்க விரும்புவோர் அங்கிருந்து தொடங்கலாம்.