வண்ணத்தை விடுங்கள், வாயைப் பாருங்கள்

தூத்துக்குடிக்கு வருகிறவர்கள் எல்லாரும் முத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பே நடக்கவில்லை. ஆனாலும் கேட்பார்கள். கேட்டுவிட்டு மக்ரூன் வாங்கிக்கொண்டு, முயல் தீவுக் கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு ரயில் ஏறிவிடுவார்கள். அவர்கள் கால் வைத்து நின்ற கல்லின் விரிசலில் பாறை நத்தைகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருவரும் குனிவதில்லை. உள்ளூர்க்காரர்களும் இதற்கு விலக்கல்ல. விலை போகிற ஓடுதான் ஓடு என்று நாமே முடிவு கட்டிவிட்டோம். சங்குக்கு ஜேம்ஸ் ஹார்னெல் 1914-லேயே தனி நூல் எழுதிவிட்டார். முத்துச்சிப்பியைப் பற்றிய எழுத்துகளைக் கொண்டு ஓர் அலமாரியை நிரப்பலாம். அந்தப் பாறை நத்தைகளில் பெரிவிங்கிள் என்ற குடும்பத்தை நம் கரையில் எப்படி இனம் காண்பது என்று தமிழில் சொல்ல ஆளில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. இந்தக் குடும்பத்துக்கு லிட்டோரினிடே என்று பெயர். கடல் நத்தைதான், ஆனால் கடலுக்குள் இருக்க விரும்பாது. அலை தெறிக்கும் உயரத்தில், பல நேரம் அதற்கும் மேலே, காய்ந்த பாறையில் வாழும். கண்ணுக்குத் தெரியாத பாசிப் படலத்தை நாக்குப் பற்களால் சுரண்டித் தின்னும். முட்டையை மட்டும் பெரும்பாலும் கடலில் விடும். வெயில் ஏறினால் மூடியை இழுத்து வாயை அடைத்துக்கொண்டு, உதட்டு விளிம்பைக் கோழையால் கல்லில் ஒட்டிவிட்டு அசையாமல் கிடக்கும்.

நம் கரை பெரும்பாலும் மணலும் சேறும்தான். கல் வேண்டுமென்றால் துறைமுகம் இருக்கிறது. 1974-ல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இடத்தில், ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் கடலுக்குள் நீளும் அலைத்தடுப்புச் சுவர்கள் இரண்டும் கல்லைக் கொட்டிக் கட்டியவை. அங்கே போக அனுமதி வேண்டும். அனுமதி இல்லாதவர்கள் தெற்கே திருச்செந்தூர்க் கடலோரப் பாறைகளுக்கோ, மணப்பாட்டில் சிலுவைக் கோயில் நிற்கிற மேட்டின் அடியில் இருக்கும் பாறைகளுக்கோ போகலாம். நீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். நம் பக்கம் ஏற்றவற்றத்தின் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லை. அதனால் எல்லா உயிர்களும் ஒரு குறுகிய பட்டைக்குள் நெருக்கியடித்துத்தான் வாழ்கின்றன. குழப்பம் தொடங்குவதும் அங்கேதான்.

பாறையில் ஏறியதும் கறுப்பு வெள்ளையாக, கூம்பாக, கொத்துக்கொத்தாக நத்தைகள் தெரியும். உடனே பெரிவிங்கிள் என்று கைதட்டாதீர்கள். அதில் பெரும் பகுதி பெரிவிங்கிளே இல்லாமல் இருக்கலாம். அந்தப் போலியின் பெயர் பிளானாக்சிஸ் சல்கேட்டஸ். அளவு, நிறம், வாழும் பாறை எல்லாம் ஒத்துப்போகும். செல்பேசிச் செயலியில் படத்தைக் காட்டினால் அது நிறத்தைப் பார்த்து ஏதோ ஒரு பெயரை நீட்டும். அதை நம்பிப் பட்டியல் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். அதை நான் நத்தை பார்ப்பதாகவே ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒரு நத்தையை எடுங்கள். கூர்நுனி மேலே, வாய் உங்களைப் பார்த்து இருக்கட்டும். ஓட்டின் நடுத்தூண் கீழே இறங்கி வெளி உதட்டைச் சந்திக்கிற இடம் ஒன்று உண்டு, வாயின் அடிமூலை. அங்கே கண்ணை வையுங்கள். பெரிவிங்கிள் என்றால் விளிம்பு எங்கேயும் அறுபடாமல் வட்டமாகச் சுற்றி வரும். பிளானாக்சிஸ் என்றால் அந்த மூலையில் சின்ன வெட்டு ஒன்று இருக்கும். நீரை உள்ளே இழுக்கும் சதைமடிப்புக்கான வழி அது. பாறை நத்தைகளை ரசிப்பதில் இந்த ஒரு வெட்டுக்கு ஈடாக எனக்கு வேறு எதுவும் இல்லை.

இதில் அவசரம் கூடாது. அலை அடித்து உதடு உடைந்த பெரிவிங்கிளிலும் வெட்டு மாதிரி ஒன்று தெரியும். உடைப்பு என்றால் விளிம்பு கூராக, கோணலாக இருக்கும், நகம் மாட்டும். பிறவி வெட்டு வழவழப்பாக இருக்கும், ஓடு அதை வளைத்துக்கொண்டே வளர்ந்திருப்பது தெரியும். குஞ்சு நத்தையில் வெட்டு மிகவும் ஆழமில்லாதது. அதற்குப் பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று சட்டைப்பையில் இருக்க வேண்டும். சந்தேகம் தீரவில்லையா? வெளி உதட்டின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பிளானாக்சிஸில் மெல்லிய வரம்புகள் உள்ளே ஓடும்.

இவ்வளவு பாடுபட்டு எதற்கு என்று கேட்பார்கள். அந்த வெட்டு இருக்கும் நத்தை வேறு வம்சம், வேறு வாழ்க்கை. பிளானாக்சிஸ் தாய் தன் கழுத்துப் பகுதியில் உள்ள பையில் முட்டைகளை வைத்துக் காக்கும். வெட்டு இல்லாத பாறைப் பெரிவிங்கிளோ முட்டைகளைக் கடலிடம் ஒப்படைத்துவிட்டு மீண்டும் வெயிலுக்கு ஏறிவிடும். பிளானாக்சிஸுக்கு ஈரம் வேண்டும், கொஞ்சம் கீழேதான் கூடும். பெரிவிங்கிள் அதற்கும் மேலே போகும். ஒரே கல்லில் ஒரு முழ உயரத்துக்குள் இரண்டு வாழ்க்கைகள் நடக்கின்றன. வகைப்பாடு வறட்டுப் படிப்பு என்று எழுதுகிறவர்கள் ஒரு நாளாவது அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மற்ற போலிகளைச் சட்டென்று தள்ளிவிடலாம். வாய் அரைவட்டமாக, ஒரு பக்கம் தட்டையாக இருந்தால் நெரிட்டா. வாய்க்குள் முத்துச்சிப்பியின் பளபளப்பு இருந்தால் டிரோக்கஸ் குடும்பம். பெரிவிங்கிளின் வாய்க்குள் அந்த மினுமினுப்பு கிடையாது.

வாய் தேறியபின் இனம். விரலால் வருடுங்கள். சுற்றுக்குச் சுற்று மணி கோத்ததுபோல் இரண்டு வரிசை முண்டுகள் தட்டுப்பட்டால் எக்கினோலிட்டோரினா மலக்கானா. மேலே வெளிறிய முண்டு, அடியில் கருநிறம். முண்டு இல்லாமல் நுண்கோடுகள் மட்டும் ஓடி, பழுப்பு நிற அலைக்கோடுகள் குறுக்கே நெளிந்தால் லிட்டோரேரியா அண்டுலேட்டா. இதில் கோடே இல்லாத மஞ்சளும் இளஞ்சிவப்பும் உண்டு. நிறத்தை நம்பினால் இங்கேயும் ஏமாறுவீர்கள். அலையாத்தி மரத்தில் ஏறும் லிட்டோரேரியா ஸ்காப்ரா தனிக் கதை, இன்று வேண்டாம்.

கல்லூரிப் பாடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிவிங்கிள் என்றதும் ஐரோப்பியக் கடற்கரையின் லிட்டோரினா லிட்டோரியா படத்தைப் போட்டுப் பாடம் நடத்துகிறார்கள். பழைய கண்ணாடிக் குப்பிகளிலும் லிட்டோரினா என்றே சீட்டு ஒட்டியிருக்கிறது. லிட்டோரினா பேரினம் வட அட்லாண்டிக், வட பசிபிக் குளிர்க்கடல்களுக்கு உரியது. நம் வெப்பக்கரைக்கு அது வந்ததே இல்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டேவிட் ரீட், இந்திய-பசிபிக் பகுதியின் எக்கினோலிட்டோரினாக்களை 2007-லேயே விரிவாக ஒழுங்குபடுத்திவிட்டார். நம் குப்பிச் சீட்டுகள் இன்னும் மாறவில்லை.

இனி உங்களுக்கென்று ஒன்று சொல்கிறேன். இனம் காணக் கற்றுக்கொண்டபின் நண்பகலில் ஒருமுறை போங்கள். மலக்கானா அங்கே உதட்டின் ஒரே ஒரு முனையைக் கல்லில் ஒட்டி, உடம்பைத் தூக்கி நிற்கும். கல்லின் சூடு ஓட்டில் ஏறாமல் இருக்க அந்த ஏற்பாடு. லென்ஸில் பார்த்தால் காய்ந்த கோழை இழை கண்ணாடிபோல் தெரியும். புருனேயில் இதே இனத்தை ஆராய்ந்தவர்கள், உடல்சூடு 35 டிகிரியைத் தாண்டியதும் இது தன் உயிரியக்கத்தைத் தணித்துக்கொள்கிறது என்றும், 55 டிகிரியை ஒட்டிய சூட்டைக்கூடத் தாங்குகிறது என்றும் கண்டார்கள். பிறகு பாறை அலையில் நனைந்த ஓர் இரவில் டார்ச்சோடு வாருங்கள். செத்துக்கிடந்ததுபோல் இருந்தவை எல்லாம் நடக்கும். ஆண் நத்தை, பெண் போன கோழைத்தடத்தைப் பிடித்துக்கொண்டே பின்னால் போவதைப் பார்க்கலாம். இதைப் பார்த்தவரிடம் ஓடு ஒட்டிய கண்ணாடிச் சட்டத்தை யாரும் அழகென்று விற்க முடியாது.

மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியின்றி அங்கே கால் வைக்கவோ எதையும் எடுக்கவோ கூடாது. மற்ற கரைகளிலும் பார்ப்பதோடு நிறுத்துங்கள். பார்த்து முடித்ததும் நத்தையைப் பாவம் என்று கடலுக்குள் வீசாதீர்கள். அது நத்தைக்கு உதவி அல்ல, நண்டுக்கும் துளைக்கும் நத்தைக்கும் இரை போடுவது. எடுத்த விரிசலிலேயே, எடுத்த உயரத்திலேயே, வாய் கல்லைப் பார்க்கும்படி வைத்துவிட்டு வாருங்கள்.