நெடுந்தூர ஓட்டமும் உணவு வங்கியும்

நெடுந்தூரம் ஓடுவதாக அறிவித்து, அதை முன்னிட்டு உற்றார் உறவினரிடமும் நண்பர்களிடமும் நன்கொடை திரட்டுவது பிரிட்டனில் வேரூன்றிய வழக்கம். 1981-இல் தொடங்கிய லண்டன் மாரத்தான் இதற்குப் பெரிய களம். 2024-இல் அந்த ஒரு போட்டியால் தொண்டு நிறுவனங்களுக்குச் சேர்ந்த தொகை 7 கோடி பவுண்டுக்கும் மேல். உணவு வங்கிகளுக்காக ஓடுவோரும் இந்தக் கூட்டத்தில் உண்டு.

பிரிட்டனின் மிகப் பெரிய உணவு வங்கி அமைப்பான ட்ரஸல், 2000-இல் சாலிஸ்பரி நகரில் ஒரு வீட்டின் தோட்டக் கொட்டகையில் தன் முதல் வங்கியைத் தொடங்கியது. 2024–25-இல் அதன் கிளைகள் வழங்கிய பொட்டலங்கள் ஏறத்தாழ 29 லட்சம். மருத்துவரோ சமூகப் பணியாளரோ தரும் சீட்டைக் காட்டினால் குறைந்தது மூன்று நாளுக்கான உணவு கிடைக்கும்: பாஸ்தா, சூப் டின், பீன்ஸ் டின், கெடாத பால், தேயிலை. அடுப்பு எரிக்க வழியில்லாதவருக்கு வெந்நீர் ஊற்றினாலே உண்ணக்கூடியவற்றை மட்டும் பொறுக்கிக் கட்டித் தருவதுண்டு. ஓட்டத்துக்கு முந்தைய இரவு மாரத்தான் வீரர் வயிறாரச் சாப்பிடும் பாஸ்தாவுக்கு இந்த வெந்நீர்ப் பொட்டலத்தில் இடமில்லை.

ஓட்டத்தின் முதல் பலம், அது கொடுப்பவரின் மனத்தை அசைப்பது. பணம் திரட்டுபவர் உடல் வருந்தப் பாடுபடும்போது மக்கள் கூடுதலாகக் கொடுக்க முன்வருகிறார்கள் என்று ஒலிவோலா, ஷஃபீர் என்ற ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினர். விருந்துக்கு அழைத்துக் கேட்பதைவிட 42.195 கிலோமீட்டர் ஓடிக் கேட்பது எடுபடுவதற்கு இதுவே காரணம். நன்கொடைப் பக்கத்தில் தொடக்கத்திலேயே பெருந்தொகை ஒன்று விழுந்தால், பின்னால் வருவோரின் கையும் தாராளமாகிறது. கொடுப்பவர் வருமான வரி கட்டுபவரானால், ‘கிஃப்ட் எய்ட்’ ஏற்பாட்டின்படி ஒரு பவுண்டுக்கு 25 பென்ஸ் வீதம் அரசிடமிருந்து தொண்டு நிறுவனத்துக்குக் கூடுதலாகச் சேரும். வருவது பணம் என்பதும் நன்மையே. பீன்ஸ் டின் குவிந்து பால் தீர்ந்துபோன கிடங்குக்குத் தேவை இன்னொரு டின் அல்ல. பணமாக இருந்தால் குறைவதை வாங்கலாம். வாடகையும் வண்டிச் செலவும் கட்டலாம்.

குறைகளும் இந்தப் பலங்களை ஒட்டியே வருகின்றன. கொடுப்பவர் பெரும்பாலும் ஓடுபவரின் முகத்துக்காகக் கொடுக்கிறார். வசதியான அலுவலக நண்பர்கள் உள்ளவருக்குத் தொகை சுலபமாகச் சேரும். வறிய பகுதியில் வாழ்ந்து அங்குள்ள வங்கிக்காக ஓடுபவருக்கு அக்கம்பக்கத்தாரே வங்கிக்கு வருபவர்கள். ஆகவே பசி மிகுந்த இடத்துக்கே பணம் மிகுதியாகப் போகும் என்ற உறுதி இல்லை. பெரிய போட்டிகளில் தொண்டு நிறுவனங்கள் இடங்களை விலைக்கு வாங்கி, குறிப்பிட்ட தொகையைத் திரட்டித் தருவதாக ஒப்புக்கொள்பவருக்கு ஒதுக்குகின்றன. திரட்டியதில் இந்தச் செலவு போக மீதியே நிகர வரவு; சிறிய வங்கிக்கு இந்த முதலீடே பாரம்.

காலக் கணக்கும் பொருந்துவதில்லை. லண்டன் மாரத்தான் வழக்கமாக ஏப்ரலில். உணவு வங்கிகளில் கூட்டம் கூடுவதோ குளிர்காலத்தில். வாரந்தோறும் நிரப்ப வேண்டிய அலமாரிக்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் பணத்தை நம்பித் திட்டமிட முடியாது.

எல்லாவற்றிலும் ஆழமான குறை வேறு. உணவு வங்கிக்கு ஆட்களை அனுப்புவது உணவுப் பஞ்சம் அல்ல, வருமானக் குறைவு. ‘யுனிவர்சல் கிரெடிட்’ உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர் முதல் தவணைக்கு ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும். முன்பணம் வாங்கினால் அது பின்வரும் தவணைகளில் கழிக்கப்படும். இந்த விதியை எந்த ஓட்டமும் மாற்றாது. கைதட்டலோடு ஓட்டம் முடியும்போது, பசி தனியார் ஈகையால் தீரக்கூடியது என்ற எண்ணம் பார்ப்பவரிடம் வலுப்படவும் கூடும்.

ஆக, இந்த வழக்கம் உடனடித் தேவைக்கு உதவும், நிலையான வருவாயாகாது. நுழைவுச் செலவை ஓடுபவரே ஏற்றால் திரட்டியது முழுவதும் வங்கிக்குச் சேரும். ஒருமுறை கொடுத்தவரை மாதந்தோறும் சிறுதொகை கொடுப்பவராக மாற்றினால் குளிர்காலத்திலும் அலமாரி காலியாகாது. நன்கொடைப் பக்கத்தில் ஓடும் தூரத்தோடு அந்த ஐந்து வாரக் கணக்கையும் எழுதினால், கொடுப்பவருக்குப் பசியின் காரணமும் தெரியவரும்.