தாழ்வாரத்து மிளகாய்ச் செடி

சிங்கப்பூரில் முதன்முதலாகச் செடி வளர்க்கப் போகிறவர்களுக்கு நான் மிளகாயைத்தான் சொல்வேன். நிலநடுக்கோட்டுக்குச் சற்றே வடக்கில் இருக்கும் இந்த ஊரில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் 10 நிமிடம்கூட வித்தியாசம் இல்லை. பகல் நீள வேண்டும், குறுக வேண்டும் என்று காத்திருக்கும் செடிகள் இங்கே குழம்பிப்போகும். மிளகாய்க்கு அந்தக் கவலை இல்லை. வயது வந்தால் பூத்துவிடும்.

விதைக்கு எங்கும் அலைய வேண்டாம். தேக்கா சந்தையில் நன்றாகப் பழுத்த ஒரு மிளகாய் போதும். நாலைந்து மணி நேர வெயில் விழும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரம் கிடைத்தால் அது பாக்கியம். இரண்டு மூன்று மாதத்தில் மொட்டு கட்டும்.

அந்தப் பூவைக் குனிந்து, கீழிருந்து பார்க்க வேண்டும். தலைகவிழ்ந்த சின்ன வெள்ளை இதழ்கள். நடுவில் ஊதா படர்ந்த மகரந்தப் பைகள். எத்தனை அழகு! தன் மகரந்தத்திலேயே காய்க்கும் பூ இது. காற்று வராத மூலையென்றால், காலையில் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிட்டால் போதும். பூ உதிர்ந்தால் பதற வேண்டாம், வெக்கை மிகுந்தால் அது நடப்பதுதான்.

தொட்டிகளை ஓரமாக வையுங்கள், தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. தொட்டித் தட்டில் நீர் தேங்க விடாதீர்கள், டெங்கிக் கொசு அங்கேதான் முட்டையிடும்.