ஆளில்லாத அருவி: படக்கிடங்குகளும் பெயரழிப்பின் அரசியலும்

1

குற்றாலத்து அருவியைப் படம் எடுத்து விற்கலாம். அதன் கீழே நின்று குளிக்கிற ஆளை அப்படி விற்றுவிட முடியாது. அவர் ஒரு தாளில் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுத் தந்திருக்க வேண்டும். இணையம் வழியாகப் புகைப்படங்களையும் ஓவியங்களையும் விற்கும் ஸ்டாக் ஏஜென்சிகளின் (இங்கே 'படக்கிடங்கு' என்றே சொல்வோம்) அடிப்படை விதி இது. விளம்பரத்துக்குப் போகிற படத்தில் அடையாளம் தெரிகிற முகம் இருந்தால் சம்மதப் பத்திரம் வேண்டும். இல்லாவிட்டால் 'செய்தி உபயோகத்துக்கு மட்டும்' என்று முத்திரை குத்தித் தனி வரிசையில் வைத்துவிடுவார்கள். காசு வைத்திருக்கிற விளம்பரக்காரர் அந்த வரிசைப் பக்கம் வரமாட்டார்.

சீசன் நாளில் பேரருவியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எண்ணெய் வழிகிற தலைகள், விசில் ஊதிக்கொண்டே இருக்கிற போலீஸ். இத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்குவது ஆகிற காரியமா? ஆகவே படம் விற்க நினைப்பவர் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டிருக்கிற நாளுக்காகக் காத்திருக்கிறார். அல்லது கீழே இருக்கிற கூட்டத்தை வெட்டிவிட்டுப் பொங்குமாங்கடலுக்கு மேலே கேமராவைத் திருப்புகிறார். ஷட்டரை மெதுவாக ஓடவிட்டால் தண்ணீர் பால் மாதிரி இறங்கும். படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எந்த ஊர் அருவி? குற்றாலம் என்றால் தண்ணீரோடு அதற்குத் தலையைக் கொடுத்து நிற்கிற ஜனமும் சேர்ந்ததுதான். ஜனத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது பாறையில் விழுகிற ஏதோ ஒரு தண்ணீர்.

இயற்கையைக் 'காட்சி'யாக்கி விற்பது புதிதில்லை. 1792இல் தெற்கே வந்த தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் பக்கத்துப் பாபநாசம் அருவியை வரைந்துகொண்டு போனார்கள். 'ஓரியண்டல் சீனரி' என்ற அவர்களது தொகுதியில் அது அச்சாகி லண்டனில் விற்றது. காலனியப் பார்வைதான், சந்தேகமில்லை. ஆனாலும் ஊர்ப்பெயரைக் கடித்துத் துப்பியாவது படத்துக்குக் கீழே போட்டார்கள். பாபநாசம், திருநெல்வேலிச் சீமை என்று வாங்கியவனுக்குத் தெரியும். இன்றைய படக்கிடங்கின் விளம்பர வரிசைக்கு அந்தப் பெயர்கூடத் தேவைப்படவில்லை.

2

இந்தக் கிடங்குகளில் படத்தைச் சொல்லைக் கொண்டுதான் தேடுகிறார்கள். ஒரு படத்தோடு ஏறத்தாழ 50 குறிச்சொற்கள் வரை சேர்க்கலாம். விற்கத் தெரிந்தவர்கள் சொல்லித் தருகிற பாடம், 'பொருளை மட்டும் எழுதாதே, கருத்தையும் எழுது' என்பது. அருவிப் படம் என்றால் தூய்மை, புத்துணர்ச்சி, விடுதலை, சொர்க்கம். எங்கோ இருக்கிற சோப்பு விளம்பரக்காரர் இவற்றைத்தான் தட்டச்சு செய்து தேடுவார். 'குற்றாலம்' என்று அவர் ஏன் தேடப்போகிறார்? தேடினாலும் ஆங்கிலத்தில் அந்த ஊருக்கு நாலைந்து எழுத்துக்கூட்டல் இருக்கிறது.

ரோலான் பார்த் 1964இல் ஒரு பாஸ்தா விளம்பரத்தை எடுத்துக்கொண்டு பிம்பத்தின் சொல்லணி பற்றி எழுதினார். பிம்பம் எப்போதும் பல அர்த்தங்களில் மிதப்பது. பக்கத்தில் எழுதப்படும் வாசகம் நங்கூரம் போல அதை ஓர் இடத்தில் நிறுத்துகிறது என்பது அவர் வாதம். படக்கிடங்கின் வியாபாரம் இதற்கு நேர் எதிரானது. ஊர், பெயர், நாள் என்கிற நங்கூரத்தை அறுத்து எடுத்தால்தான் ஒரே படத்தை இன்றைக்குச் சோப்புக்கும் நாளைக்கு இன்சூரன்ஸுக்கும் விற்க முடியும். கிடங்கு விற்பது படத்துக்குள் உண்டாக்கப்பட்ட அந்தக் காலியிடத்தைத்தான்.

இன்னொரு முரணையும் கவனிக்க வேண்டும். 'செய்தி' வரிசையில் போகிற படத்துக்கு ஊரும் தேதியும் கட்டாயம் எழுதச் சொல்கிறார்கள். அதாவது ஊர்ப்பெயர் மிஞ்சியிருக்கிற படத்தில் அந்த ஆளின் சம்மதம் இருக்க வேண்டியதில்லை. சம்மதம் வாங்கிய படத்திலோ ஊரும் ஆளும் பெயரில்லாமல் போகிறார்கள். கடையநல்லூர்ப் பக்கம் ஒரு திண்ணையில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற பெண்ணை ஒருவர் படம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்து இல்லையென்றால் அவள் வறுமை, கிராமம், பாரம்பரியம் என்கிற சொற்களோடு செய்தி வரிசையில் நிற்பாள். கையெழுத்துப் போட்டிருந்தால் அவளுடைய பெயர் இருக்கிற ஒரே இடம் அந்தச் சம்மதத் தாள்தான். அதுவும் கிடங்கின் கோப்பில் கிடக்கும், படத்தோடு வராது. கம்பெனி மேல் நாளைக்கு யாரும் வழக்குப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக வாங்கப்படும் தாள் அது. அவளுக்குப் பாதுகாப்பு கிடைத்தால் அது உபரி லாபம்.

இதையெல்லாம் இணையம் கொண்டுவந்த சீரழிவு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடினார். அதில் குறத்தி தன் மலையின் வளத்தைத் தானே பேசுகிறாள். பேசுவது போல எழுதியவர் மேலகரத்துப் புலவர். அதற்காக அவருக்கு நாயக்க மன்னர் கொடுத்த நிலம் 'குறவஞ்சி மேடு' என்று மரபாகச் சொல்கிறார்கள். குறத்தியின் பிம்பத்துக்கு நிலம் கிடைத்தது, குறவர்களுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி நம் இலக்கிய வரலாற்றில் கேட்கப்படவே இல்லை. பிம்பத்தை விற்பதில் நமக்கும் பழைய அனுபவம் உண்டு.

3

பழைய அனுபவம் என்றால் சிவகாசியைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஸ்டாக் படம் என்ற வார்த்தை காதில் விழுவதற்கு வெகுகாலம் முன்பே அதன் முழு வடிவத்தையும் நடத்திக் காட்டியது நம் காலண்டர் தொழில். ஆல்பத்தைப் புரட்டிக் கடைக்காரர் ஒரு முருகனைத் தேர்ந்தெடுப்பார். அதே முருகன் தென்காசியில் ஜவுளிக்கடைக்கும் சங்கரன்கோவிலில் உரக்கடைக்கும் போவார். படத்துக்குக் கீழே கடைப்பெயர் போட வெற்றுப் பட்டை விட்டிருப்பார்கள். ஸ்டாக் படம் எடுப்பவர்கள் விளம்பர வாசகத்துக்கென்று இன்றைக்கும் படத்தில் ஒரு மூலையைக் காலியாக விடுகிறார்களே, அது இந்தப் பட்டைதான்.

ஆனால் ஒரு வித்தியாசம். கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜு (1898-1976) போன்றவர்களின் கையெழுத்து அந்தப் படங்களின் ஓரத்தில் இருந்தது. லட்சக்கணக்கான வீட்டுச் சுவர்களில் மாட்டியிருந்த சாமிகளுக்குக் கீழே அந்தப் பெயரும் மாட்டியிருந்தது. அவருக்குப் பின் அவருடைய சீடர்கள் பெயரும் அப்படித்தான். இதைப் பொற்காலம் என்று சொல்லவரவில்லை. எந்தக் கூலிக்கு வரைந்தார்கள் என்பதைத் தனியாகப் பேச வேண்டும். ஆனால் படம் எத்தனை கடைக்குப் போனாலும் வரைந்தவரின் பெயர் கூடவே போனது.

இன்றைய கிடங்கில் விற்பதற்கு முந்தைய மாதிரிப் படத்தின் மேல் குறுக்கே ஓடுகிற முத்திரை கம்பெனியின் பெயர். காசு கொடுத்ததும் அது அழிந்துவிடும். அழிந்தபின் விளம்பரத்தில் எடுத்தவர் பெயர் பெரும்பாலும் வருவதேயில்லை.

4

சரி, எடுத்தவருக்கு என்னதான் கிடைக்கிறது? 2003இல் நியூயார்க்கில் தொடங்கிய ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனில் தன் கணக்கை மாற்றியது. வருடத்தில் முதல் 100 படங்கள் இறங்கும்வரை 15 சதவீதம், பிறகு படிப்படியாக ஏறி 40 சதவீதம்வரை. ஜனவரி 1 பிறந்தால் எல்லோரும் மறுபடி அடிப்படியில் இருந்து ஏற வேண்டும். சந்தா கட்டியவர் ஒரு படத்தை இறக்கினால் எடுத்தவருக்கு 10 சென்ட்தான் வரும் என்ற நிலையும் வந்தது. நம் கணக்கில் 8, 9 ரூபாய். தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்குக் காணாது. பல நாட்டுப் படக்காரர்கள் சேர்ந்து தங்கள் படங்களை விற்பனையிலிருந்து எடுத்துவைத்து எதிர்ப்புக் காட்டினார்கள். கம்பெனி அசையவில்லை.

இந்த ஏற்பாட்டைத் தென்காசிச் சீமையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பீடிக்கடையில் இலையும் தூளும் வாங்கி வீட்டில் உட்கார்ந்து சுற்றி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற பெண்களின் ஊர் இது. உழைக்கும் இடமும் நேரமும் அவள் பொறுப்பு. சரியில்லை என்று ஒதுக்கித் தள்ளுகிற உரிமை கடைக்காரருடையது. கட்டுக்கு மேலே ஒட்டுகிற லேபிள் கம்பெனியுடையது. படக்காரர் நிலைமை இதைவிட ஒரு படி கீழே. கேமரா, கம்ப்யூட்டர், கரண்ட், இலை, தூள் எல்லாமே அவர் காசு. நிராகரிக்கிற உரிமையும் லேபிளும் மட்டும் கம்பெனிக்கு.

வித்தியாசம் எங்கே என்றால், சங்கங்கள் போராடியதால் பீடிப் பெண்ணை 1966ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளி என்று ஒப்புக்கொண்டது. வீட்டில் இருந்து சுற்றினாலும் தொழிலாளிதான் என்றது. 1976இல் நல நிதிச் சட்டம் வந்தது. சட்டம் வந்ததாலேயே எல்லாம் கைக்கு வந்துவிடவில்லை என்பது வேறு விஷயம். படக்காரருக்கோ 'பங்களிப்பாளர்' என்று பெயர். பங்களிக்கிறவருக்குக் கூலி எதற்கு, சங்கம் எதற்கு?

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, தளங்கள் வழியாக உழைப்பவர்களைப் பற்றிப் பேசுகிறது. அவர்களை வைத்துத் தொழில் நடத்தும் கம்பெனிகளின் பட்டியலில் உள்ளடக்க, ஊடக சேவைகளும் இருக்கின்றன. அப்படிப்பட்ட கம்பெனிகள் வருட விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நல நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. பழைய தொழிலாளர் சட்டங்களைக் கரைத்துவிட்டு வந்த தொகுப்பு இது என்ற விமர்சனம் நமக்கு உண்டு. இருந்தாலும் இந்த ஓட்டை வழியாகக் கையை நீட்டிப் பார்க்கலாமா, நியூயார்க் கம்பெனியின் கணக்கைத் தென்காசியிலிருந்து எப்படிக் கேட்பது என்று தொழிற்சங்கத் தோழர்கள் யோசிக்க வேண்டும்.

5

கிடங்குகள் சிறியவை இல்லை. பில் கேட்ஸ் 1989இல் தொடங்கிய கார்பிஸ் 1995இல் பெட்மன் ஆவணத்தை வாங்கி, பிறகு அதன் மூலப் படங்களைப் பென்சில்வேனியாவில் ஒரு பழைய சுண்ணாம்புச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய் வைத்தது. கார்பிஸின் படங்கள் 2016இல் ஒரு சீனக் கம்பெனிக்குக் கைமாறின. சீனாவுக்கு வெளியே அவற்றை விற்கிற வேலை கெட்டிக்குப் போனது. கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் இணையப்போவதாக 2025 ஜனவரியில் அறிவித்தன. படம் எடுப்பவர்கள் ஊருக்கு ஊர் பெருகுகிறார்கள், வாங்கிக்கொள்கிற கை குறைந்துகொண்டே போகிறது.

அந்தக் கையின் குணத்துக்கு ஓர் உதாரணம். கரோல் ஹைஸ்மித் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் தன் படங்களை எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தட்டும் என்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்தவர். தான் எடுத்த படத்தைத் தன்னுடைய நிறுவனத்தின் பக்கத்தில் போட்டதற்கு 120 டாலர் கட்டச் சொல்லி அவருக்கே கடிதம் வந்தது. 2016இல் கெட்டி மேல் வழக்குப் போட்டார். பொதுச்சொத்து ஆகிவிட்ட படத்தில் காப்புரிமை கோர முடியாது என்று முக்கியமான கோரிக்கைகள் தள்ளுபடியாகின. அதாவது பொதுச்சொத்தைக் கிடங்கு விற்கலாம், கொடுத்தவர் கேட்க முடியாது.

இப்போது அடுத்த கட்டம். ஷட்டர்ஸ்டாக் 2021 முதலே தன் படங்களை ஓப்பன் ஏஐக்குக் கொடுத்தது. படம் வரையும் இயந்திரத்துக்கு அவை பாடப்புத்தகம் ஆயின. அடோபியும் தன் கிடங்கின் படங்களைக் கொண்டு 2023இல் ஓர் இயந்திரத்தைப் பழக்கியது. படக்காரர்களுக்கு ஒரு தொகை பிரித்துத் தரப்படுகிறது, மறுக்கவில்லை. ஆனால் இனி அருவிப் படம் வேண்டுமென்றால் அருவிக்குப் போகவே வேண்டாம். கெட்டியின் படங்களை அனுமதியில்லாமல் எடுத்ததாக ஸ்டெபிலிட்டி ஏஐ மேல் வழக்கு வந்தபோது தெரிந்த ஒரு விஷயம் நம் வாதத்துக்கு முக்கியமானது. அந்த இயந்திரம் தானாக வரைந்த சில படங்களில் கெட்டியின் முத்திரையும் கோணல்மாணலாக விழுந்திருந்தது. 2025 நவம்பரில் லண்டன் நீதிமன்றம் கெட்டியின் கோரிக்கைகளில் பெரும்பாலானவற்றை ஏற்கவில்லை. அந்த முத்திரை விஷயத்தில் மட்டும் ஓரளவு ஏற்றது. லட்சக்கணக்கான படங்களிலிருந்து இயந்திரம் மனப்பாடம் செய்துகொண்டது லேபிளைத்தான். சுற்றிய கையின் பெயர் அதன் கண்ணில் படவே இல்லை.

6

நம் சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவரே, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அந்தப் படத்தின் முதல் உரிமையாளர். கல்யாண வீட்டுக்காரருக்கு இது நல்ல ஏற்பாடு. காசு கொடுக்காமல் எடுக்கப்பட்டவருக்கு? படம் எடுத்தவருடையது. காசு உள்ளவருக்கு அவர் முகம் சொந்தம், திண்ணையில் பீடி சுற்றுகிறவளுக்கு அவள் முகம் சொந்தமில்லை என்று சட்டம் நேரடியாகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை அதுதான் வருகிறது.

10 சென்ட்டை 20 சென்ட் ஆக்கச் சொல்லிக் கேட்பது நியாயம்தான், கேட்க வேண்டும். கூலிக் கோரிக்கையோடு பெயர்க் கோரிக்கையும் சேராவிட்டால் கிடங்கின் அடிப்படை அப்படியே இருக்கும். பெயர் என்பது பெருமைக்காக இல்லை. பெயரும் ஊரும் தேதியும் படத்தோடு ஒட்டியிருந்தால் 'வறுமை' என்ற குறிச்சொல்லை அவ்வளவு லேசில் அதன்மேல் குத்த முடியாது. குத்தினால் அந்த ஊரிலிருந்து ஒருத்தி வந்து கேட்க இடம் இருக்கும்.

இதைக் கம்பெனியிடம் கேட்பதற்கு முன்னால் நம் வட்டாரத்தில் தொடங்கலாம். சிறுபத்திரிகை அட்டைகளையும் இயக்கத் துண்டறிக்கைகளையும் புரட்டிப் பாருங்கள். சுருக்கம் விழுந்த கிழவி முகம், வெடித்த நிலம், கம்பிக்குப் பின்னால் குழந்தை. யார், எந்த ஊர், எப்போது, எடுத்தது யார்? பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. 'நல்ல காரியத்துக்குத்தானே' என்பார்கள். சோப்பு விளம்பரக்காரரும் தன் காரியத்தை நல்ல காரியம் என்றுதான் நினைக்கிறார். படத்தில் இருப்பவரைக் கேட்டுவிட்டு, அவர் சம்மதித்தால் அவர் பெயரையும், ஊரையும் வருடத்தையும் எடுத்தவர் பெயரையும் போடுவதற்கு ஒரு வரிதான் செலவு. பெயரை வெளியிட்டால் அவருக்கு ஆபத்து என்றால் அந்தக் காரணத்தையே அந்த வரியில் எழுதலாம். எடுத்தவருக்கு முடிந்த தொகை, படத்தில் இருப்பவருக்கு ஒரு பிரதி. இதுகூட முடியாத பத்திரிகை படம் இல்லாமல் வரலாம், ஒன்றும் குறைந்துபோகாது.

தென்காசி, கோவில்பட்டிப் பக்கத்துப் புகைப்படக்காரர்களும் ஓவியர்களும் தங்கள் படங்களைத் தாங்களே பெயரோடும் ஊரோடும் வைத்து விற்கிற ஒரு கூட்டுறவை நடத்த முடியுமா என்பது அடுத்த கேள்வி. கிடங்குகளோடு விலையில் போட்டி போட முடியாது. நங்கூரம் அறுக்காத படம் வேண்டும் என்று கேட்கிற பத்திரிகைகளும் பதிப்பகங்களும் எத்தனை இருக்கின்றன என்பதைப் பொறுத்தது அது. முதலில் அந்த எண்ணிக்கையில் நாம் இருக்கிறோமா என்று விவாதிப்போம்.