பாடத்திட்டத்துள் ஜாஸ்

1976இல் வட டெக்ஸாஸ் மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களின் ஜாஸ் குழு, அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆதரவில் சோவியத் யூனியனில் கச்சேரிப் பயணம் செய்தது. பகல் ஒரு மணிக்கு ஒத்திகை என்பதால் அதற்கு 'ஒரு மணிக் குழு' என்று பெயர்.

இப்பயணத்தைச் சுதந்திரத்தின் தூது என்று வர்ணித்துவிடுவது சுலபம். தூதின் பூர்வீகம் வேறு. ஜாஸுக்கு அமெரிக்காவில் முதன்முதலாகப் பட்டப் படிப்பு தொடங்கியது இங்கேதான், 1947இல். அந்தச் சொல்லுக்கு அன்று மரியாதையில்லை. 'நடன வாத்தியம்' என்ற பெயரில்தான் படிப்பு உள்ளே நுழைந்தது. சொல் மட்டுமல்ல, அந்தச் சங்கீதத்தைப் படைத்த கறுப்பு மக்களும் வெளியேதான் நின்றார்கள். அவர்களில் முதல் மாணவர் அங்கே சேர்ந்தது 1954இல்.

இதனால் மாணவர்களின் வாசிப்பு பொய்யாகிவிடவில்லை. பெரிய குழுவின் சங்கீதத்தில் பெரும்பகுதி எழுதி வைத்தது. பலர் ஒரே மூச்சாக வாசிக்கும் ஒழுங்கைக் கல்லூரி நன்றாகவே கற்றுத்தரும். ஆனால் நடுவில் ஒருவன் எழுந்து நின்று தனியாக வாசிக்கும் சில தாளவட்டங்களுக்குத் தாளில் ஸ்வரக்கூட்டுகளின் குறிகள் மட்டுமே உண்டு. மனப்பாடமான பிரயோகங்களை அங்கே ஒப்பிக்கிறானா, தனக்கு முன் வாசித்தவர்களுக்குப் பதில் சொல்கிறானா? விமர்சனம் கேட்க வேண்டியது இதை. பதில் சொல்ல அவர்கள் யாரென்று தெரிந்திருக்க வேண்டும்; எந்தக் கதவுக்கு வெளியே நின்று வாசித்தார்கள் என்பதும். இந்தப் பிரக்ஞை இல்லாத விரல்வேகம் எந்த நாட்டு மேடையிலும் சாதகம்தான்.